டீசல் பாசஞ்சர் ஒன்றை ஓடும் நிலையிலேயே காப்பாற்ற வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி – விழுப்புரம் பாதை மின்மயமான பிறகு, அங்கே டீசல் பாசஞ்சர் வண்டிகளின் காலம் முடிவுக்கு வந்துவிட்டது. இதைக் குறை சொல்வதற்காக நான் எழுதவில்லை. ரயில்வேயில் டீசல் பிரிவில் ஃபிட்டராகப் பணிபுரிந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், டீசல் வண்டியின் செலவும் புகையும் பராமரிப்புத் தொல்லையும் எவ்வளவு என்பதை நன்றாகவே அறிவேன். என் கோரிக்கை வேறு. தெற்கு ரயில்வேயிடம் இன்னும் மிச்சமிருக்கும் டெமு தொகுதிகளில் (டீசல் இன்ஜினால் மின்சாரம் உண்டாக்கி ஓடும், பெட்டிகளை ஒன்றாகக் கோத்த பாசஞ்சர் வண்டிகளில்) ஒன்றையாவது, கண்டம் செய்து (இனி ஓட்டத் தகுதியற்றது என்று கழித்து) ஏலத்துக்கு அனுப்புவதற்கு முன்பே தனியாக ஒதுக்கி, ஓடும் நிலையிலேயே பராமரித்து, ஆண்டில் சில நாள்களாவது பயணிகளை ஏற்றிக்கொண்டு காட்பாடியிலிருந்து திருவண்ணாமலை வழியாக விழுப்புரம் வரை ஓட்ட வேண்டும் என்பதே அது.

ஓடும் நிலை என்பதை வேண்டுமென்றே அழுத்திச் சொல்கிறேன். நம் நாட்டில் ரயில் பாரம்பரியத்தைக் காப்பது என்றால், நிலையத்தின் வாசலிலோ கோட்ட அலுவலகத்தின் முன்னாலோ மேடை கட்டி, அதன்மேல் பழைய இன்ஜினை ஏற்றி, வண்ணம் பூசி, சுற்றிலும் கம்பி வேலி போட்டுவிடுவது என்றாகிவிட்டது. நீராவி இன்ஜினுக்கு அது ஓரளவு பொருந்தும். அதன் சக்கரங்களும் இணைப்புத் தண்டுகளும் வெளியே தெரிவதால், நின்றபடியே அது எப்படி வேலை செய்தது என்பதைக் குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். டீசல் வண்டியில் எல்லாமே தகட்டுக்குள் மறைந்திருக்கிறது. ஓடாத டீசல் வண்டி பார்ப்பவருக்கு ஒரு நீண்ட இரும்புப் பெட்டிதான்.

இதற்கு நல்லதொரு முன்மாதிரி இங்கிலாந்தில் இருக்கிறது. புகழ்பெற்ற அதிவேக வண்டி எதையும் நான் சொல்லவில்லை. தினமும் காலையில் அலுவலகம் செல்வோரை லண்டனுக்கு ஏற்றிச் சென்று மாலையில் வீடு சேர்த்த ஒரு சாதாரண வண்டியைச் சொல்கிறேன். அதன் கதை ஒரு ஒப்பந்ததாரரின் மோசடியில் தொடங்குகிறது.

லண்டனுக்குத் தென்கிழக்கே கடலோரத்தில் உள்ள ஊர் ஹேஸ்டிங்ஸ். டன்பிரிட்ஜ் என்ற சந்திப்பிலிருந்து அங்கே செல்லும் பாதையை, சவுத் ஈஸ்டர்ன் ரயில்வே என்ற கம்பெனி 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமைத்தது. குன்றுகள் நிறைந்த பகுதி என்பதால் சுரங்கங்கள் பல. அவற்றின் உட்சுவருக்கு எத்தனை அடுக்கு செங்கல் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்ததோ, அத்தனை அடுக்குகளைக் கட்டாமலேயே கட்டியதாகக் கணக்குக் காட்டிவிட்டார்கள். 1855-இல் மவுண்ட்ஃபீல்டு சுரங்கத்தில் செங்கல் சுவரின் ஒரு பகுதி இடிந்து விழுந்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 1862-இல் வாட்ஹர்ஸ்ட் சுரங்கத்திலும் அதே நிலை தெரியவந்தது. (அரசு ஒப்பந்தப் பணிகளை அருகிலிருந்து பார்த்த நம் ஊர்க்காரர்கள் யாரும் இதில் வியப்படைய மாட்டார்கள்.) சுரங்கங்களைப் புதிதாக அகலப்படுத்த ஆகும் செலவுக்கு அஞ்சி, விடுபட்ட அடுக்குகளை உட்புறமாகவே சேர்த்துக் கட்டினார்கள். இதனால் சுரங்கங்களின் உள்ளகலம் ஏறத்தாழ ஒன்றரை அடி குறைந்தது. அன்று தொடங்கி நூறாண்டுகளுக்கு மேலாக, மற்றப் பாதைகளில் ஓடும் சாதாரண அகலமுள்ள பெட்டி எதுவும் அந்தப் பாதையில் நுழைய முடியாது என்றாயிற்று.

ஆகவே அந்த ஒரு பாதைக்காக மட்டும் ஒல்லியான பெட்டிகளைத் தனியே கட்ட வேண்டி வந்தது. 1930-களில் அங்கே ஓடிய ஸ்கூல்ஸ் வகை நீராவி இன்ஜின்களின் பக்கவாட்டுத் தகடுகள்கூட இந்தச் சுரங்கங்களுக்கு ஏற்ப உள்நோக்கிச் சாய்ந்தே இருந்தன. நீராவிக்கு மாற்றாக டீசல் வந்தபோதும் நெருக்கடி தீரவில்லை. 1957, 1958-ஆம் ஆண்டுகளில் ஆறு பெட்டிகள் கொண்ட இருபத்துமூன்று டீசல் தொகுதிகளை ஈஸ்ட்லி பணிமனையில் கட்டினார்கள். பெட்டியின் அகலம் எட்டடிக்குச் சற்றே கூடுதல். நம்முடைய பழைய மீட்டர் கேஜ் பெட்டிகளின் அகலமே ஏறத்தாழ ஒன்பது அடி என்பதை நினைத்துப் பார்த்தால் இதன் விந்தை விளங்கும். ஒரு மீட்டர் இடைவெளியுள்ள தண்டவாளத்தில் நாம் ஓட்டிய பெட்டியைவிட, அதைக் காட்டிலும் அகலமான 1,435 மில்லிமீட்டர் பாதையில் அவர்கள் ஓட்டிய பெட்டி குறுகலானது.

வண்டியின் அமைப்பையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் வாதத்தின் அடிப்படை அதில்தான் இருக்கிறது. தொகுதியின் இரு முனைகளிலும் ஒவ்வொரு மோட்டார் பெட்டி. ஓட்டுநர் அறைக்குப் பின்னால் தனி இன்ஜின் அறை. அதில் இங்கிலீஷ் எலெக்ட்ரிக் கம்பெனியின் நான்கு சிலிண்டர் டீசல் இன்ஜின், 500 குதிரைத்திறன். இன்ஜின் நேரடியாகச் சக்கரத்தைச் சுழற்றாது. அது ஜெனரேட்டரைச் சுழற்ற, அந்த மின்சாரம் சக்கர அச்சில் உள்ள மோட்டார்களை இயக்கும். நம் டெமு வண்டிகளின் அடிப்படையும் இதுவே. இங்கிலாந்தின் மற்றப் பகுதிகளில் பஸ்ஸைப் போலக் கியர்பெட்டி வைத்த டீசல் வண்டிகளை வாங்கிக்கொண்டிருந்தபோது, தெற்குப் பகுதி ரயில்வே மட்டும் மின்கடத்தல் முறையைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. அவர்களிடம் ஏற்கெனவே ஏராளமான மின்சார ரயில்கள் இருந்தன. அவற்றில் உள்ள அதே வகை மோட்டார்களை இந்த டீசல் வண்டியிலும் வைத்தால் உதிரிபாகத்துக்கும் பழுதுபார்ப்புக்கும் கவலையில்லை. நல்ல பொறியாளர் எடுக்கும் முடிவு அது. முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வண்டியைக் காப்பாற்ற முனைந்தவர்களுக்கும் அந்த முடிவே பெரும் துணையாயிற்று.

அந்த வண்டியின் பணிக்காலம் இனிமையானது மட்டுமன்று. 1967 நவம்பர் 5, ஞாயிற்றுக்கிழமை இரவு, ஹேஸ்டிங்ஸிலிருந்து லண்டன் சேரிங் கிராஸ் நோக்கி வந்த வண்டி ஹிதர் கிரீன் அருகே தடம் புரண்டது. 49 பேர் இறந்தனர். வண்டியில் பழுது இல்லை. தண்டவாளத்தின் இணைப்பில், போல்ட் துளையிலிருந்து பரவிய விரிசலால் தண்டவாளமே துண்டாக உடைந்திருந்தது. நீளமாகப் பற்றவைத்த தண்டவாளங்களை விரைந்து பரப்பவும், இணைப்புகளைக் கூடுதல் கண்டிப்புடன் சோதிக்கவும் அந்த விபத்து ஒரு காரணமாயிற்று. பாதைப் பிரிவில் வேலை செய்தவர்கள் இதைப் படித்தால் மனத்துக்குள் தலையசைப்பார்கள்.

தொகுதிகளில் சிலவற்றைப் பிரித்து, குறுகிய பெட்டிகள் இரண்டுடன் வேறொரு வகை மின்சார வண்டியின் அகலமான பெட்டி ஒன்றையும் கோத்து, 1964-ஐ ஒட்டி மூன்று பெட்டி வண்டிகளாக வேறொரு பாதையில் ஓட்டினார்கள். ஒரு முனை பருத்து மறுமுனை ஒடுங்கியிருந்ததால் மக்கள் அவற்றுக்குத் தலைப்பிரட்டை என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ரயில்வேக்காரர்கள் எந்த நாட்டிலும் எதையும் வீணாக்குவதில்லை.

1986 மே மாதம் ஹேஸ்டிங்ஸ் பாதை மின்மயமானது. சுரங்கப் பிரச்சினைக்கும் அப்போதுதான் தீர்வு கண்டார்கள். குறுகலான சுரங்கங்களில் இரட்டைப் பாதையை ஒற்றையாக்கி, தண்டவாளத்தைச் சுரங்கத்தின் நடுவில் போட்டுவிட்டார்கள். சாதாரண அகலமுள்ள மின்சார வண்டிகள் தாராளமாக நுழைந்தன. ஒல்லி வண்டிகளுக்கு வேலையில்லாமல் போயிற்று. மற்ற வண்டிகளாக இருந்தால் பழைய இரும்புக் கடைக்குப் போயிருக்கும். ஆனால் அந்த வட்டாரத்து ரயில் ஆர்வலர்கள் சிலர் ஹேஸ்டிங்ஸ் டீசல்ஸ் லிமிடெட் என்று ஒரு கம்பெனி அமைத்து, முதன்முதலில் கட்டப்பட்ட 1001 என்ற எண்ணுள்ள தொகுதியின் பெட்டிகளையும் வேறு சில பெட்டிகளையும் வாங்கினார்கள். அவர்கள் தேர்ந்த இடமும் பொருத்தமானது. ஹேஸ்டிங்ஸுக்கு அருகே செயின்ட் லெனர்ட்ஸில், இதே வண்டிகளைப் பராமரித்து வந்த பணிமனையிலேயே அவர்களும் அமர்ந்துகொண்டார்கள்.

ஏறத்தாழப் பத்தாண்டு உழைப்புக்குப் பிறகு, 1990-களின் நடுப்பகுதியில் அந்த வண்டி மீண்டும் முதன்மைப் பாதையில் ஓடியது. தனியே பிரித்துவைத்த சுற்றுலாப் பாதையில் அல்ல, நாள்தோறும் நூற்றுக்கணக்கான வண்டிகள் ஓடும் பாதையில். அந்தப் பத்தாண்டின் பிற்பகுதியில், அப்பகுதியில் ரயில்களை இயக்கிய கோனெக்ஸ் என்ற தனியார் கம்பெனிக்கு வண்டி பற்றாக்குறை ஏற்பட்டபோது, ஆர்வலர்கள் காப்பாற்றிய இந்தப் பழைய வண்டியையே வாடகைக்கு எடுத்துப் பயணிகள் சேவையில் விட்டது. அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டிய வண்டி அன்றாட டிக்கெட் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஓடியது என்பதைப் போல ஒரு ஃபிட்டருக்கு மகிழ்ச்சி தரும் செய்தி வேறில்லை. அதற்குப் பின்னும் சிறப்புப் பயணங்களில் அது நாட்டின் பல மூலைகளுக்கும் சென்று வந்திருக்கிறது. தன்னை வெளியேற்றிய அதே மின்மயப் பாதையிலும் அது ஓடியிருக்கிறது.

அந்த வண்டியின் தொகுப்பில், பழைய மின்சார ரயில் ஒன்றின் சாதாரண அகலமுள்ள பெட்டியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. அசலில் இல்லாத பெட்டியைச் சேர்ப்பது பாரம்பரியம் ஆகுமா என்று தூய்மை பேசுவோர் கேட்கலாம். இன்றைய பாதையில் ஓட வேண்டும் என்பதற்காக, 1957-இல் யாரும் கேள்விப்பட்டிராத எச்சரிக்கைக் கருவிகளும் வானொலித் தொடர்பும்கூட ஓட்டுநர் அறைக்குள் வந்திருக்கின்றன. என் கருத்தில் இவையெல்லாம் குறைகள் அல்ல. ஒரு வண்டி அதன் பணிக்காலம் முழுவதும் மாற்றங்களோடுதான் வாழ்கிறது. ஷெட்டுக்கு வந்த நாளில் இருந்த அதே வயரிங்கோடு கண்டம் ஆன வண்டி ஒன்றையும் நான் பார்த்ததில்லை. ஓடுவதற்காகச் செய்யும் மாற்றமும் அதன் வரலாற்றில் ஒரு பகுதியே.

இனி நம் பக்கம் வருகிறேன். நீராவிக்கு நம் நாட்டில் உரிய மரியாதை கிடைத்திருக்கிறது. 1855-இல் கட்டிய ஃபேரி குயின் என்ற இன்ஜின் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. நீலகிரி மலை ரயில் 2005-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. அதற்காகப் பொன்மலைப் பணிமனையில் எக்ஸ் வகை நீராவி இன்ஜின்களைப் புதிதாகவே கட்டினார்கள். டெல்லியில் தேசிய ரயில் அருங்காட்சியகமும், சென்னையில் ஐ.சி.எஃப். என்ற ரயில் பெட்டித் தொழிற்சாலை அருகே ரயில் அருங்காட்சியகமும் உள்ளன. ஆனால் டீசல் பாசஞ்சர் என்றால் யாரும் பொருட்படுத்துவதில்லை. அது அழகில்லை, பழமையில்லை, அதில் பயணம் செய்த பெரிய மனிதர்களும் இல்லை. கண்ணமங்கலத்தில் பூக்கூடையோடு ஏறியவர்களும், போளூரிலிருந்து வேலூர் மருத்துவமனைக்கு வந்தவர்களும், கல்லூரி மாணவர்களும், களம்பூரில் இருந்துகொண்டு ஆரணியின் பெயரைச் சுமக்கும் ஆரணி ரோடு நிலையத்தில் இறங்கிப் பட்டு நெசவுக்கு நூல் எடுத்துச் சென்றவர்களும்தான் அதன் பயணிகள். ஹேஸ்டிங்ஸ் வண்டியின் பயணிகளும் இத்தகைய சாதாரண மக்களே. அதனால்தான் அந்த ஊர்க்காரர்கள் அதைக் காப்பாற்ற முன்வந்தார்கள் என்று நினைக்கிறேன்.

பழைய வட ஆற்காடு மாவட்டத்துக்கு ரயில் விஷயத்தில் தனி உரிமையே உண்டு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856 ஜூலை 1 அன்று இராயபுரத்திலிருந்து புறப்பட்டு வந்து சேர்ந்தது நம் வாலாஜா ரோடுக்குத்தான். இராயபுரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் ஏராளம். வண்டி வந்து நின்ற ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. காட்பாடி, ஜோலார்பேட்டை, அரக்கோணம் என்று மூன்று பெரிய சந்திப்புகள் இருந்த மாவட்டம் இது. மாவட்டம் பலவாகப் பிரிந்தாலும் தண்டவாளம் பிரியவில்லை.

விழுப்புரம் பாதையின் மீட்டர் கேஜ் வண்டியை இனி யாராலும் அந்தப் பாதையில் ஓட்டிக் காட்ட முடியாது. அதற்கான தண்டவாளமே இல்லை. தமிழகத்தில் மீட்டர் கேஜ் எஞ்சியிருப்பது நீலகிரி மலைப் பாதையில் மட்டும். டீசல் வண்டியின் நிலை அப்படியன்று. அதே அகலப்பாதை இருக்கிறது. மேலே மின்கம்பி இருப்பது டீசல் வண்டிக்கு எந்த இடைஞ்சலும் இல்லை. கம்பியில் மின்சாரம் தடைபட்டாலும் அது ஓடும். பாதைக்காகவோ நடைமேடைக்காகவோ சிக்னலுக்காகவோ ஒரு ரூபாய்கூடப் புதிதாகச் செலவழிக்க வேண்டியதில்லை. வண்டியைக் கண்டம் செய்யாமல் இருந்தால் போதும். பாரம்பரியப் பாதுகாப்பில் இவ்வளவு மலிவான வாய்ப்பு அரிதாகவே கிடைக்கும். ஆனால் அது சில ஆண்டுகளுக்குத்தான் திறந்திருக்கும்.

ஏனென்றால் டீசல் வண்டியைக் கொல்வது துரு அல்ல, உதிரிபாகப் பஞ்சம். ஹேஸ்டிங்ஸ் வண்டியோடு உறவுடைய இன்ஜின்களைக் கொண்ட மற்ற டீசல் தொகுதிகள் இங்கிலாந்தின் தெற்குப் பகுதியில் 2004 வரை ஓடிக்கொண்டிருந்தன. மோட்டார்களோ மின்சார ரயில்களிலும் இருந்தவை. எனவே அந்த வண்டிக்கான பாகங்களும், அவற்றைக் கழற்றி மாட்டத் தெரிந்த கைகளும் நெடுநாள் கிடைத்தன. நம்மிடமும் இன்று அப்படித்தான். ஐ.சி.எஃப். 1990-களில் கட்டத் தொடங்கிய டெமு வண்டிகளை அறிந்த ஃபிட்டர்களும் லோகோ பைலட்டுகளும் இன்னும் பணியில் இருக்கிறார்கள். ஓய்வுபெற்றவர்களும் நல்ல உடல்நலத்தோடு இருக்கிறார்கள். இன்ஜினின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் என்ற கருவியைச் சத்தத்தைக் கேட்டே சரிசெய்வது எந்தக் கையேட்டிலும் எழுதப்படவில்லை. ஒரு தொகுதியை ஒதுக்கும்போது அதனுடன் கூடுதல் இன்ஜின் ஒன்று, டர்போசார்ஜர், ஜெனரேட்டர், மோட்டார்கள், பிரேக் பாகங்கள், வயரிங் வரைபடங்கள் ஆகியவற்றையும் ஒதுக்க வேண்டும். வண்டியை மட்டும் ஒதுக்கி உதிரிபாகங்களை ஏலம் விட்டால், அதற்கும் மேடையில் ஏற்றி வைப்பதற்கும் வேறுபாடு இல்லை.

எங்கே வைப்பது, யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விகள் எழும். பெரிய பழுதுகளுக்குப் பொன்மலை இருக்கிறது. நீராவி இன்ஜினையே புதிதாகக் கட்டிய பணிமனைக்கு இது பெரிய வேலையன்று. அன்றாடப் பராமரிப்புக்குக் காட்பாடியிலோ விழுப்புரத்திலோ ஒரு பிட்லைன் (பெட்டிக்கு அடியில் நின்று வேலை செய்யப் பள்ளம் அமைத்த தண்டவாளம்) போதும். உழைப்புக்கு ஆள் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ராணிப்பேட்டை பெல் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களும், ரயில்வேயில் ஓய்வுபெற்ற எங்களைப் போன்றவர்களும் இந்த வட்டாரத்தில் ஏராளம். பாகாயம் அரசுப் பொறியியல் கல்லூரி, வி.ஐ.டி., ஐ.டி.ஐ. மாணவர்களுக்கு ஓர் இன்ஜினைக் கழற்றிப் பார்க்க இதைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடைக்காது. ஆனால் தன்னார்வலர்களைப் பிட்லைனில் இறக்க ரயில்வே விதிகள் எளிதில் இடம் தராது. அதற்கு ரயில்வேயே ஓர் ஒப்பந்த முறையை வகுக்க வேண்டும். வெறும் உற்சாகத்தை நம்பி யாரையும் பல டன் எடையுள்ள பெட்டிக்கு அடியில் அனுப்பக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன். அதேபோல, வண்டிகள் மோதாமல் தடுக்கும் கவச் போன்ற புதிய பாதுகாப்புக் கருவிகள் அந்தப் பாதைக்கு வரும்போது இந்த வண்டிக்கும் பொருத்தியே ஆக வேண்டும். பழைய வண்டி என்று சலுகை கேட்கக் கூடாது.

வருமானத்துக்கு வழி நம் ஊரிலேயே இருக்கிறது. கார்த்திகை தீபத்துக்கும் பௌர்ணமி கிரிவலத்துக்கும் திருவண்ணாமலை செல்லும் கூட்டத்துக்கு எத்தனை வண்டி விட்டாலும் போதுவதில்லை. அந்த நாள்களில் வேலூர் கண்டோன்மென்ட்டிலிருந்து இந்த டெமு ஒரு நடை போய்வந்தால், பாரம்பரிய வண்டி என்று தெரிந்தும் தெரியாமலும் ஏறுகிற மக்களால் அது நிரம்பிவிடும். சுற்றுலா வண்டி என்ற பெயரில் ஆயிரக்கணக்கில் கட்டணம் வைத்து வெளியூர்ப் பணக்காரர்களுக்கு மட்டும் ஓட்டுவதை நான் விரும்பவில்லை. பாசஞ்சர் வண்டியைப் பாசஞ்சர் கட்டணத்துக்குச் சற்று மேலான கட்டணத்தில் ஓட்டினால்தான் அது பாசஞ்சர் வண்டி.

நிர்வாகத்தில் ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். காட்பாடி சந்திப்பு சென்னைக் கோட்டத்தில் இருக்கிறது; விழுப்புரம் பாதையோ திருச்சிக் கோட்டத்தில் இருக்கிறது. ஒரு கோட்டத்துக்கு மட்டும் மனு கொடுத்தால் அது மற்றொரு கோட்டத்துக்குத் திருப்பி அனுப்பப்படும். ஆகவே வேலூர், அரக்கோணம், ஆரணி, திருவண்ணாமலை தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கட்சி வேறுபாடு பாராமல் சேர்ந்து, தெற்கு ரயில்வே பொது மேலாளரிடமே இதை நேரில் கேட்க வேண்டும். அவர்கள் முதலில் கேட்க வேண்டியது பணம் அல்ல. எந்தெந்த டெமு தொகுதிகளின் ஆயுட்காலம் எப்போது முடிகிறது, எவை அடுத்து ஏலப் பட்டியலுக்குப் போகின்றன என்ற விவரம் வெளியாக வேண்டும். அவற்றுள் நல்ல நிலையில் உள்ள ஒன்றின் எண்ணைக் குறித்து, ஏலம் விடக் கூடாது என்று ஓர் ஆணை வர வேண்டும். ஒரு பக்க ஆணை அது. அது வந்துவிட்டால் மற்றவற்றைப் பேசித் தீர்க்க அவகாசம் கிடைக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டீசல் பிரிவு ஊழியர்,
காந்தி நகர், காட்பாடி.